மட்டிப்பழம் டாட் காம்

மூன்று சென்ட். கிழக்கே பஞ்சாயத்து ரோடு,
தெற்கே தோமாஸ் வகை ரப்பர்,
பின்னால் வெள்ளம் தேங்கும் தாழ்வு.
இப்படி எழுதி எழுதித்தான்
இருபத்திரண்டு வருஷமாக மார்த்தாண்டத்தில்
என் அடுப்பு எரிகிறது.

ஜெராக்ஸ் கடை மாடிக்கு
ரெக்ஸ்லினும் பிபினும் ஏறி வந்தார்கள்.
கூட்டுக்கடை பிரிகிறது.
வேன் ஒருவனுக்கு, குளிர் அறை மற்றவனுக்கு,
கடன் பாதிப் பாதி.
மிச்சம் ஒரு பெயர்.
"ஒண்ணும் கெட்டாத வெறும் மனை மாதிரியாக்கும், அக்கா.
ஒரு வெல போட்டுத் தாங்க."

மனை என்றால் நடந்து பார்ப்பேன்.
செருப்பில் ஒட்டும் மண்ணைப் பார்ப்பேன்.
கிணற்றில் கல் போட்டுக் காது கொடுப்பேன்.
பக்கத்து நாய் குரைக்கிற விதத்திலேயே
எல்லைத் தகராறு தெரிந்துவிடும்.
இதற்குச் சர்வே எண் இல்லை,
வில்லங்கம் போட்டுப் பார்க்க ஆபீஸ் இல்லை.
தட்டினால் ஒரு வெள்ளைப் பக்கம்,
நடுவில் 'விரைவில்'.
பதினொரு வருஷமாக விரைவில்.

எழுத்தை எண்ணினேன்.
இங்கிலீஷில் மட்டிக்கு ரெண்டு டி.
ஒன்றை விட்டவன் எங்கே போய் நிற்பான்?
ஒரு எச் கூடிப்போனால் மத்தி;
பாறசாலைக்கு அப்புறம் அது மீன்.
ழ-வுக்கு இசட் எச் என்று
எந்த வாத்தியாரும் அடித்துச் சொல்லவில்லை,
பாதிப் பேர் எல் போடுவார்கள்.
திருநெல்வேலி தாண்டிவிட்டால்
மட்டி என்பது பழமே இல்லை,
யாரோ ஒருவனைத் திட்டுவது.
இத்தனை பொத்தல். பொத்தலுக்குக் கழித்தேன்.

பிறகு கூட்டினேன்.
ஷார்ஜாவில் ஏழாவது மாடியில் ஒருத்தி,
பல் முளைக்காத பிள்ளைக்கு
முதன்முதலாய் மசித்துக் கொடுக்க
விரல் நீளப் பழம் ஒன்று தேடி
ராத்திரி இந்தப் பெயரைத் தட்டக் கூடும்.
கூடும் என்பதை எந்தக் கட்டத்தில் எழுத?
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"போன மாசம் எத்தன பேர் வந்தாங்க?"
"முப்பத்தொண்ணு."
"ஆளா, எந்திரமா?"
ரெக்ஸ்லின் காலண்டரைப் பார்த்தான்.
"எந்திரம் பழம் தின்னாதுல்லா" என்றான் பிபின்.

ஒரே ஒரு தடவை பெங்களூரிலிருந்து கேட்டார்கள்,
அறுபதாயிரம்.
இவர்கள் ரெண்டு லட்சம் சொன்னார்கள்.
அப்புறம் பதில் இல்லை.
அட்வான்ஸ் கை மாறாத விலையை
நான் தாளில் ஏற்றுவதில்லை,
அது வழியில் நின்று பேசிய பேச்சு.

தனித்தனியாகக் கூப்பிட்டேன்.
நீயே வாங்கினால்?
"ரெண்டாயிரம்."
நீயே விற்றால்?
"ரெண்டு லட்சம்."
மற்றவனும் அதையே சொன்னான்.
பிரிகிற அன்று
இந்த ஒன்றில்தான் ஒத்துப்போனார்கள்.

புதுப்பிக்கக் கெடு வியாழன் நடுராத்திரி.
கட்டுகிறவன்
விலை உண்டென்று ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான்.
ஆகவே ரெண்டு பேரும் கட்டவில்லை.
நிலம் இப்படிச் செய்யாது.
வரி பாக்கி விழுந்தாலும்
அங்கேயே கிடக்கும், புல் முளைத்துக்கொண்டு.
இது பன்னிரண்டு மணிக்கு
யாருடையதும் இல்லாமல் போகும்.

மதிப்பிடுகிறவள் சொத்தில் கை வைக்கக் கூடாது,
விதி.
பார்வைக்கு என்று தந்த கடவுச்சொல்லோடு
பதினொன்றே முக்காலுக்கு
என் கார்டைத் தேய்த்தேன்.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
மழை, கரண்ட் போய் வந்துகொண்டிருந்தது,
அந்த 'விரைவில்' என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அறிக்கையில் எட்டாயிரம் எழுதினேன்.

சனிக்கிழமை ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார்கள்.
பிபின் ஒன்றை உரித்தான்.
"கூடுதல் இல்லியா அக்கா?"
"கொறவு இல்லியா அக்கா?"
ரெண்டும் ஒரே மூச்சில்.
அப்போதுதான் எனக்கே தெரிந்தது,
கணக்கு ஏறக்குறையச் சரி.

ஆயிரத்து நூற்றுப் பதினாறை மட்டும்
இன்னும் யாரும் தரவில்லை.